கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூனிவர்சிட்டிக்கு: தைரியத்தோடு மாறுவது எப்படி?

கலிஃபோர்னியாவில், லிவர்மோர் கோயிலின் பிரசாத வரிசையிலோ, சன்னிவேலில் ஒரு பிறந்தநாள் விருந்திலோ இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "உங்க பையன் எந்த யூனிவர்சிட்டி?" பையன் டி ஆன்சா, ஓலோனி போன்ற இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜில் படித்துக்கொண்டிருந்தால் பல பெற்றோர் பட்டென்று பதில் சொல்வதில்லை. "இப்போதைக்கு இங்கதான்... ரெண்டு வருஷத்துல பெர்க்லி போயிடுவான்" என்று இழுப்பார்கள். பையனும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். தான் படிக்கும் இடம் வெளியே சொல்லத் தயங்க வேண்டிய இடம் என்று அவனுக்கு அங்கேயே உறைத்துவிடும். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களிடம் தெரியும் பயத்தில் ஒரு பங்கு இப்படி வீட்டிலேயே விதைக்கப்படுவது.

மீதிப் பங்கு நிஜமான காரணங்களால் வருகிறது. புது இடம், பெரிய வகுப்பு, வேகமான பாடம், ஏற்கெனவே இரண்டு வருடம் ஒன்றாகப் பழகிவிட்ட சக மாணவர்கள். இதை "உன்னால முடியும்" என்று முதுகில் தட்டிச் சரிசெய்ய முடியாது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதிய கட்டுரையில், தன்னால் முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து பார்த்தது. தன்னைப் போன்றவர் செய்ததைப் பார்த்தது. பிறர் சொல்லும் ஊக்கம். பதற்றமோ நிதானமோ, உடம்பு இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது முதலாவது. நம் வீடுகளில் அதிகம் செலவாவது மூன்றாவது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க, எதை எப்போது செய்து பார்க்க வேண்டும் என்பதைப் பற்றித்தான். கலிஃபோர்னியா முறையை வைத்து எழுதுகிறேன். வேறு மாநிலங்களில் விதிகள் வேறு. மாணவர்கள் நேரடியாகப் படிக்கலாம். பெற்றோருக்கும் ட்யூட்டர்களுக்கும் ஆங்காங்கே தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இது குறுக்கு வழி அல்ல என்பதைத் தெரிந்துகொள்வது

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. 1960-ல் மாநிலம் உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டபோதே, முதல் இரண்டு ஆண்டு இங்கே, அடுத்த இரண்டு ஆண்டு பல்கலைக்கழகத்தில் என்ற பாதை அதில் இருந்தது. யூசி என்கிற யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, இரண்டு புதுமுக மாணவருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தை இலக்காக வைத்திருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேட்பவர்களிலும், வேறு நான்காண்டுக் கல்லூரியிலிருந்து வருபவரைவிட, மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. ஆக, பின்வாசல் வழியாக நுழைகிறோம் என்ற கூச்சத்துக்கு இடமே இல்லை. கட்டடம் கட்டும்போதே வைத்த வாசல் இது.

பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் பாசடீனா ஜூனியர் காலேஜில் படித்துவிட்டுத்தான் யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏ போனார். நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டில் இருக்கும் சாபோ காலேஜில் படித்துவிட்டு சாக்ரமென்டோ ஸ்டேட்டுக்குப் போனார். ஆனால் மாணவருக்கு இவர்களைவிட அதிகம் உதவுவது, போன வருடம் இதே காலேஜிலிருந்து இதே மேஜரில், அதாவது இதே முதன்மைப் பாடத்தில், போன ஒரு சீனியர்தான். பிரபலத்தைப் பார்த்தால் வியப்பு வரும். அந்த சீனியரைப் பார்த்தால் "இவளால முடிஞ்சா எனக்கும் முடியும்" என்று தோன்றும். உங்கள் காலேஜின் டிரான்ஸ்ஃபர் சென்டரில் போய், அப்படிப் போனவர் யாரிடமாவது பேச முடியுமா என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி "யூனிவர்சிட்டி எப்படி இருக்கு?" அல்ல. "முதல் குவார்ட்டரில் எந்த வாரம் ரொம்பக் கஷ்டமா இருந்தது, அப்போ என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள் (குவார்ட்டர் என்பது பத்து வாரப் பருவம்). பதில் உருப்படியாக வரும்.

இரண்டாவது படி: காகிதத்தில் இருக்கும் பயத்தைக் காகிதத்திலேயே தீர்ப்பது

"எனக்குத் தகுதி இல்லையோ" என்று புலம்பும் மாணவரைக் கொஞ்சம் கிளறினால், பாதி நேரம் அது தகுதி பற்றிய கவலையாகவே இருக்காது. எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எடுத்தது செல்லுமா என்று தெரியாத குழப்பமாக இருக்கும். இதை ஒரு மதியத்தில் தீர்க்கலாம்.

அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளத்தைத் திறங்கள். உங்கள் காலேஜ், போக விரும்பும் வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால், இடது பக்கம் பல்கலைக்கழகப் பாடமும் வலது பக்கம் உங்கள் காலேஜில் அதற்கு ஈடான பாடமும் வரும். மூன்று வளாகங்களுக்கு இதைத் தனித்தனியாக எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள். முடித்த பாடத்தைப் பச்சையிலும் இப்போது படிப்பதை மஞ்சளிலும் குறியுங்கள். குறியில்லாமல் மிஞ்சுவதுதான் உங்கள் வேலை. திரையில் பார்ப்பதைவிடக் காகிதத்தில் பச்சை கூடக்கூட வரும் நிம்மதி பெரிது.

இதில் ஒரு எச்சரிக்கை. கால்குலஸ், பிசிக்ஸ் போன்ற தொடர் பாடங்களைப் பாதி ஒரு காலேஜிலும் பாதி இன்னொரு காலேஜிலும் எடுக்காதீர்கள். "ஈடான பாடம் இல்லை" என்று அசிஸ்ட் காட்டினால் அது உங்கள் தவறு அல்ல. உங்கள் காலேஜ் அதை நடத்தவில்லை என்றுதான் அர்த்தம். கவுன்சிலரிடம் கொண்டுபோங்கள்.

கவுன்சிலரைச் சந்திக்கப் பலர் வெறுங்கையோடு போவார்கள். அரை மணி நேரம் பொதுவான பேச்சிலேயே கரைந்துவிடும். குறி போட்ட அந்த மூன்று தாள்களோடும் எழுதி வைத்த கேள்விகளோடும் போனால், அவரும் உங்களை வேறு மாதிரி நடத்துவார். ஒரே கவுன்சிலரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நல்லது. வெளியே வரும்போது, எழுத்தில் ஒரு கல்வித் திட்டம் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் உத்தரவாதங்கள். டேக் என்ற ஏற்பாட்டில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஏதாவது ஒன்றில், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி. செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் விண்ணப்பிக்க முடியும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றும் இதில் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் போன்ற மேஜர்களைச் சில வளாகங்கள் டேக்கில் சேர்ப்பதும் இல்லை. நம் பிள்ளைகள் முட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட் பக்கம், 2010-ல் வந்த சட்டத்தின்படி டிரான்ஸ்ஃபருக்கென்றே உள்ள அசோசியேட் டிகிரியை, அதாவது இரண்டாண்டுப் பட்டத்தை, முடித்தால், அந்த அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உண்டு. கேட்ட வளாகம்தான் என்று இல்லை. பொதுப் பாடத் தொகுப்பு 2025 இலையுதிர் பருவத்திலிருந்து இரண்டு அமைப்புகளுக்கும் ஒன்றாகி, கால்-கெட்சி என்ற பெயரில் வருகிறது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு அண்ணனோ அக்காவோ சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டேக் போட்டு வைத்தால் யூசிஎல்ஏவுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு போய்விடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். போகாது. கையில் ஒன்று உறுதியாக இருப்பதால்தான் மற்றதைத் துணிந்து கேட்க முடிகிறது.

மூன்றாவது படி: பல்கலைக்கழக வேலையை இங்கேயே ஒத்திகை பார்ப்பது

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் முக்கியமான படி இதுதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஜிபிஏ, அதாவது 4.0-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, குறையக்கூடாது என்று கடைசி ஆண்டில் சுலபமான பேராசிரியர்களாகத் தேடிப் பிடித்து எடுப்பார்கள். ஜிபிஏ காப்பாற்றப்படும். ஆனால் கடினமான வகுப்பை முதல் தடவையாகப் பார்ப்பது, தெரிந்த முகமே இல்லாத 300 பேர் அரங்கில் என்று ஆகிவிடும்.

கடைசி ஆண்டில் ஒரே ஒரு பாடத்தையாவது, கடினம் என்று பெயர் வாங்கியவரிடம் எடுங்கள். ஆனர்ஸ் பிரிவு இருந்தால் அதில் ஒன்று. டேக்குக்கும் மேஜருக்கும் தேவையான ஜிபிஏ விளிம்பில் நிற்பவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு முக்கியம்.

அடுத்தது ஆபீஸ் அவர்ஸ். பேராசிரியர் தன் அறையில் மாணவர்களுக்கென்று ஒதுக்கி உட்கார்ந்திருக்கும் நேரம். நம் பிள்ளைகளில் பலர் இதைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். "ஒண்ணும் புரியாதவங்கதான் போவாங்க" என்பார்கள், அல்லது "சாரைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்பார்கள். இரண்டாவது நம் வளர்ப்பில் வந்த மரியாதை. இங்கே அது மாணவருக்கே எதிராகத் திரும்புகிறது, ஏனென்றால் போகாதவரைப் பேராசிரியருக்குத் தெரியவே தெரியாது.

எப்படிக் கேட்பது என்பதைப் பழக்கிக்கொள்ளலாம். "சார், சாப்டர் 5 புரியல" என்று போய் நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செய்த வரைக்கும் காகிதத்தில் இருக்கட்டும். "மூன்றாவது வரி வரை வந்துவிட்டேன். இங்கே மாறியை மாற்றியதும் இன்டெக்ரலின் எல்லைகளையும் ஏன் மாற்றுகிறோம் என்பது பிடிபடவில்லை" என்று அந்த வரியில் விரலை வையுங்கள். அவர் விளக்குவார். விளக்கியதும் "சரி, அப்போ இந்த அடுத்த கணக்கில் எல்லை இப்படி மாறும், இல்லையா?" என்று அங்கேயே ஒன்றைச் செய்து காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. கம்யூனிட்டி காலேஜில் இதை வாரம் ஒருமுறை செய்து பழகிய மாணவருக்கு, பெர்க்லியில் பேராசிரியர் கதவைத் தட்டுவது பெரிய விஷயமாகத் தெரியாது.

மூன்றாவது ஒத்திகை, சேர்ந்து படிப்பது. 1970-களில் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் கால்குலஸ் வகுப்பு மாணவர்களைக் கூர்ந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பலர் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாகப் படித்தார்கள், சிரமப்பட்டார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் முதலில் தனியாகச் செய்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். இதைப் பார்த்துவிட்டு அவர் வைத்த பயிற்சிக் குழுவில், பின்தங்கியவர்களுக்கான சுலபப் பாடம் நடத்தவில்லை. வீட்டுப்பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாகப் போடச் சொன்னார். மாணவர்களின் மதிப்பெண் நன்றாகவே ஏறியது. ட்யூட்டர்கள் இங்கே கவனிக்க வேண்டும். தன்னம்பிக்கை குறைந்த மாணவருக்கு இரக்கப்பட்டு எளிய கணக்காகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், "எனக்கு இவ்வளவுதான் வரும்" என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

மூன்று நான்கு பேர் போதும். முதலில் தனியாக முயன்றுவிட்டு வருவது கட்டாயம். இல்லாவிட்டால் ஒருவர் போட, மற்றவர் எழுதிக்கொள்ளும் கூட்டமாகிவிடும்.

நான்காவது படி: விண்ணப்பம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். யூசி விண்ணப்பம் அக்டோபர் 1-லிருந்து நவம்பர் கடைசியை ஒட்டி வரை. சரியான கடைசி நாளை அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். அதில் ஒன்று, மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது. டிரான்ஸ்ஃபர் மாணவர் எல்லோரும் இதற்குப் பதில் எழுத வேண்டும்.

இங்கேதான் பலர் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவார்கள். "பள்ளியில் நன்றாகப் படிக்காததால் கம்யூனிட்டி காலேஜில் சேர நேர்ந்தது" என்று முதல் வரி. அதை வெட்டுங்கள். வீட்டுச் செலவைக் குறைக்கவோ, எந்த மேஜர் என்று தெளிவு பெறவோ சேர்ந்திருந்தால், அதைச் சாதாரணமாகச் சொல்லுங்கள். வேலை செய்துகொண்டே படித்தால், வாரம் எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். தம்பி தங்கைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போவது, இதெல்லாமும் கணக்கில் வரும். நம் பிள்ளைகள் "இதெல்லாம் வீட்டு வேலைதானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஜனவரியில் புது மதிப்பெண்களைப் பதிந்து, டிரான்ஸ்ஃபர் கல்வி விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இது தனி வேலை, மறந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது படி: ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில்

யூசி முடிவுகள் ஏப்ரல் மாதத்துக்குள் வந்துவிடும். ஒப்புக்கொள்ள ஜூன் 1 வரை நேரம். கடைசிப் பருவத்தில் மதிப்பெண் சரிந்தால் கிடைத்த இடத்தையே பல்கலைக்கழகம் ரத்து செய்துவிடலாம் என்பதால், இடம் கிடைத்துவிட்டது என்று கையை உதறிவிடக் கூடாது.

இந்த மாதங்களில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வளாகத்துக்கு ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். சுற்றிக்காட்டும் நாளில் போனால் பலூனும் டி-சர்ட்டும்தான் தெரியும். பெரிய அரங்கில் நடக்கும் ஒரு பாடத்தில், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்காருங்கள். எத்தனை பேர் மடிக்கணினியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். "இங்கே எல்லாரும் ஜீனியஸ்" என்ற பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

அப்புறம் அந்த வளாகத்தின் டிரான்ஸ்ஃபர் சென்டர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பெர்க்லி, யூசிஎல்ஏ, டேவிஸ், சான் டியாகோ என்று பல இடங்களில் இதற்கென்றே தனி மையம் உண்டு.

ஆறாவது படி: முதல் பத்து வாரம்

புதிதாக வருபவரின் மதிப்பெண் முதல் பருவத்தில் சரிவதற்கு ஒரு பெயரே இருக்கிறது: டிரான்ஸ்ஃபர் ஷாக். 1965-ல் ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இதைச் சொன்னார். சரிந்த பலர் பிறகு மீள்வதும் அதே தொகுப்பில் தெரிந்தது. இந்தச் சேதி மாணவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் பருவத்தின் நடுவே வரும் முதல் தேர்வான மிட்டர்மைப் பார்த்துவிட்டு "நான் இந்த இடத்துக்கு உரியவன் இல்லை" என்று முடிவு கட்டுவார். தெரிந்தவர் "சரி, சொன்னது வந்துவிட்டது" என்று அடுத்ததைப் பார்ப்பார். 2011-ல் வால்டனும் கோஹெனும் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட கவலை எல்லோருக்கும் வரும், போகப்போகக் குறையும் என்பதை முதலாண்டு மாணவர்களிடம் ஒரு மணி நேரப் பயிற்சியாகச் செய்தார்கள். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்திருந்தது.

ஷாக்குக்கு யூசியில் இரண்டு தனிக் காரணங்கள். ஒன்று, பெர்க்லியும் மெர்செட்டும் தவிர மற்ற வளாகங்களில் குவார்ட்டர் முறை. பத்தே வாரம் பாடம். செமஸ்டர் காலேஜிலிருந்து வருபவருக்கு மூச்சு வாங்கும். மூன்றாம் நான்காம் வாரத்திலேயே மிட்டர்ம் வந்து நிற்கும். குவார்ட்டர் முறையிலேயே நடக்கும் டி ஆன்சா, ஃபூட்ஹில் காலேஜ் மாணவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. பாடங்களின் அளவைக் கணக்கிடும் கம்யூனிட்டி காலேஜ் யூனிட்கள் கூடவே வரும், ஆனால் அங்கே வாங்கிய மதிப்பெண் யூசி ஜிபிஏவில் சேராது. அங்கே 3.9 வைத்திருந்தவருக்கும் புதிதாகப் பூஜ்யத்திலிருந்து கணக்கு. முதல் குவார்ட்டர் மதிப்பெண்தான் அப்போதைக்கு மொத்த ஜிபிஏ.

அது எவ்வளவு பயமுறுத்தும், எவ்வளவு ஆபத்து இல்லாதது என்று பார்க்கலாம். மூன்று சம யூனிட் பாடங்களில் பி பிளஸ், பி, சி பிளஸ் வாங்கினால் 3.3, 3.0, 2.3, சராசரி 2.87. 3.9-லிருந்து வந்தவருக்கு வயிறு கலங்கும். அடுத்த ஐந்து குவார்ட்டரிலும் அதே அளவு யூனிட் எடுத்து 3.5 வாங்கினால், முடிவில் 3.39. முதல் குவார்ட்டர் ஒரு சறுக்கல், அவ்வளவுதான். இந்தக் கணக்கை வகுப்பு தொடங்கும் முன்பே மாணவரைக் கையால் போட வையுங்கள்.

முதல் குவார்ட்டரில் எடுக்க வேண்டியது மூன்று பாடம். மேஜரின் கடினப் பாடம் அதில் ஒன்றோ இரண்டோ. நிதி உதவிக்குக் குறைந்தபட்ச யூனிட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒருமுறை ஆபீஸ் அவர்ஸுக்குப் போய்விடுங்கள், பேராசிரியரிடம் இல்லாவிட்டால் அவருக்கு உதவும் டி.ஏ.விடமாவது (டீச்சிங் அசிஸ்டன்ட்). இரண்டாம் வாரத்துக்குள் படிப்புக் குழு. பாடத்தைக் கைவிடும் கடைசி நாளைக் காலண்டரில் சிவப்பில் குறியுங்கள். மிட்டர்ம் தாள் வந்ததும் உங்கள் எண்ணை மட்டும் பார்க்காமல் வகுப்புச் சராசரியைப் பாருங்கள். சராசரி 55 ஆக இருக்கும் தேர்வில் 58 வாங்கியது தோல்வி இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியே பழகிய கண்ணுக்கு அது சட்டென்று தெரியாது.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்கள், குறிப்பாக டெக் நிறுவனங்களில், செப்டம்பர் அக்டோபரிலேயே திறந்துவிடும். டிரான்ஸ்ஃபர் மாணவர் அப்போதுதான் பெட்டியைப் பிரித்திருப்பார். அதனால் ரெஸ்யூமேயைக் கோடையிலேயே, கம்யூனிட்டி காலேஜின் கேரியர் சென்டரில் காட்டித் திருத்தி வைத்துவிடுங்கள்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வகுப்புக்கே போகப் பிடிக்காமல் வாரக்கணக்கில் இருந்தால், அது குவார்ட்டர் பரபரப்பு இல்லை. வளாக கவுன்சலிங் மையத்துக்குப் போக வேண்டும். இதை வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்லாமலே போகலாம். அவர்கள் ரகசியம் காப்பார்கள்.

பெற்றோருக்கு

பட்டம் வாங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் கடைசியில் சான்றிதழில் இருக்கும் என்று சொல்லி ஆறுதல்படுத்தாதீர்கள். முதல் இரண்டு வருடத்தை மறைக்க வேண்டும் என்றுதான் பிள்ளை காதில் விழும். யாராவது கேட்டால் "டி ஆன்சால படிக்கிறா, டிரான்ஸ்ஃபர் பிளான்ல இருக்கா" என்று நேராகச் சொல்லுங்கள். மற்றவரின் பிள்ளை நேராக யூசியில் சேர்ந்ததோடு ஒப்பிடும் பேச்சை, அவள் இல்லாதபோதுகூட வேண்டாம். எப்படியும் காதுக்கு வந்துவிடும்.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு மதிப்பெண்ணை நீங்கள் நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. 1974-ன் கூட்டாட்சிச் சட்டப்படி கல்லூரி மாணவரின் பதிவுகள் மாணவருக்கே உரியவை. அவர் சம்மதம் இல்லாமல் அலுவலகம் பொதுவாக எதையும் சொல்லாது. ஆகவே பிள்ளை தானாகச் சொன்னால்தான் உண்டு. மிட்டர்ம் வாரத்தில் போன் செய்தால் "எவ்வளவு வாங்கின?" என்று தொடங்காமல், "இந்த வாரம் யார்கூடப் படிச்ச? ஆபீஸ் அவர்ஸ்ல என்ன கேட்ட?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்தால் மதிப்பெண்ணைப் பற்றி அவளே பேசுவாள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அந்த வார இறுதியில் சாப்பாடு கட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.